பன்னிரண்டு பூச்சு

கட்டுகஸ்தோட்டையில், மகாவலிப் பாலத்தின் ஓரமாகக் கீழே இறங்கும் சந்தில் கடைசிக்கு முந்திய வீடு ஜமால்தீனுடையது. சரியாகச் சொன்னால் அவன் மனைவி றம்லத்துடையது. அவளுடைய வாப்பாவின் வாப்பா வாங்கிய பெரிய வீட்டை மூன்றாகப் பிரித்தபோது ஆற்றுப் பக்கத்துத் துண்டு அவளுக்கு வந்தது. இரண்டு அறை, ஒரு குசினி, வெளியே சுவரோரம் ஒரு தண்ணீர்க் குழாய். அந்த இரண்டு அறைக்கும் சேர்த்து ஏழு ஜன்னல்கள் இருந்தன. எல்லாம் ஆளுயரத் தேக்கு ஜன்னல்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பிள்ளை உட்காரும் அகலத்தில் கட்டை.

நோன்பு பிறக்குமுன் அந்த ஜன்னல்களுக்கு எனாமல் அடிப்பது றம்லத்தின் குடும்பத்தில் விட்டுப்போகாத வழக்கம். கையில் வசதி இருந்த வருஷங்களில் ஏழுக்கும், இல்லாத வருஷங்களில் சந்தின் பக்கம் பார்த்த ஜன்னலுக்கு மட்டுமாவது. பழைய பூச்சின் மேல் புதுப் பூச்சு. கட்டைகளில் பெயின்ற் தோல் தோலாகத் தடித்து, வெயிலுக்கு வெடித்து, ஓரங்களில் சுருண்டு நின்றது.

ஜமால்தீனுக்குத் தொழிலே பெயின்ற்தான். பழைய வீடுகளைப் புதுப்பிக்கிறவர்கள் பேராதனையிலிருந்தும் பிலிமத்தலாவையிலிருந்தும் அவனைத் தேடி வருவார்கள். மற்றவர்களைப்போல் அவன் பழைய பெயின்றுக்கு மேல் பெயின்ற் அடிக்க மாட்டான். அடி மரம் தெரியும்வரை சுரண்டுவான். சேண்ட் பேப்பரால் தேய்ப்பான். கன்னத்தை மரத்தில் வைத்து வழவழப்பைப் பார்ப்பான். அதன் பிறகுதான் டின்னைத் திறப்பான். சொந்த வீட்டில் மட்டும் அப்படிச் செய்ய அவனுக்கு நேரம் வாய்க்கவில்லை. கல்யாணமாகி ஒன்பது நோன்பு போய்விட்டது. ஒவ்வொரு வருஷமும் கடைசி இரண்டு நாளில் மேலால் ஒரு கை பூசிவிட்டு, "வாற நோன்புக்கு அடியோட சுரண்டி எடுக்கிற" என்பான்.

கைரியா அந்தக் கட்டையில்தான் வளர்ந்தாள். முன்னறை ஜன்னலிலிருந்து பாலம் தெரியும். சிவப்பு பஸ் போனால் "பத்" என்பாள். லொறி போனாலும் "பத்"தான். பல் முளைக்கத் தொடங்கிய நாளிலிருந்து கட்டையின் விளிம்பைக் கடித்துக்கொண்டு பாலம் பார்ப்பாள். எலி கொறித்ததுபோல் அங்கே சின்னச் சின்னத் தடங்கள் இருந்தன. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அதைக் காட்டிச் சிரிப்பார்கள்.

மூன்று வயதை நெருங்கும்போது அவளுடைய பேச்சு உதிரத் தொடங்கியது. முதலில் "பத்" போனது. பிறகு "தண்ணி". ஒக்டோபர் மழை முடிந்தபோது "வாப்பா"வும் இல்லை. சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தார்கள். இரும்புச் சத்துப் பாணி கொடுத்தார்கள். பள்ளிவாசலில் தண்ணீர் ஓதி வாங்கி வந்தார்கள். கிளினிக்கில் றம்லத் பிள்ளையோடு காத்திருந்த ஒரு காலையில்தான் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஒரு பெண், உங்கள் வீடு எத்தனை வருஷத்து வீடு என்று கேட்டாள்.

அவள் பெயர் பிரியாந்தினி. யாழ்ப்பாணத்துப் பெண். பேராதனையில் படித்து அங்கேயே வேலைக்குச் சேர்ந்தவள். பழைய பெயின்றில் இருக்கும் ஈயம் வீடுகளில் பிள்ளைகளுக்குச் செய்யும் தீங்கை எப்படிக் குறைக்கலாம் என்று அறுபது வீடுகளில் ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. பிள்ளையின் இரத்தம் எடுத்தார்கள். துப்பாக்கி மாதிரி ஒரு கருவியை ஜன்னல் கட்டையில் வைத்து அளந்தார்கள். மூன்று வாரத்துக்குப் பிறகு பிரியாந்தினி ஒரு கடதாசியோடும், இரண்டு பிளாஸ்டிக் வாளியோடும், ஒரு கட்டு வெள்ளைத் துணியோடும் வந்தாள்.

றம்லத் கதிரையை இழுத்துப்போட்டு இஞ்சிப் பிளேன்டீ கொண்டுவந்தாள். ஜமால்தீன் வேலைக்குப் போகாமல் நின்றிருந்தான்.

"பிள்ளையின்ர இரத்தத்தில ஈயம் இருக்கு" என்றாள் பிரியாந்தினி. "இருபத்திமூண்டு."

"எவ்வளவு ஈக்கணும் மிஸ்?"

"இருக்கவே கூடாது, நானா. ஐஞ்சுக்கு மேல போனாலே நாங்கள் யோசிப்பம்." முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல் அவளும் அவனை "நானா" என்றாள்.

"அது எங்கால வந்த?" என்றாள் றம்லத். "நாங்க புள்ளைக்கு வெளிச் சாப்பாடே குடுக்கிறல்ல."

பிரியாந்தினி ஜன்னலைப் பார்த்தாள். கைரியா கட்டையில் உட்கார்ந்திருந்தாள். விளிம்பில் வாய் இருந்தது.

"பழைய எனாமல்ல ஈயம் கலந்திருக்கும், அக்கா. அது கொஞ்சம் இனிக்கும். பிள்ளையள் விடாயினம். கடிக்காட்டிக்கூட, ஜன்னலைத் திறந்து சாத்தேக்க மரம் மரத்தோட உரஞ்சித் தூசி விழும். கண்ணுக்கே தெரியாது. அது கையில ஒட்டி வாய்க்குள்ள போகும்."

றம்லத் எழுந்து போய்ப் பிள்ளையைத் தூக்கினாள். கைரியா கட்டையைப் பிடித்துக்கொண்டு அலறினாள். விரல்களை ஒவ்வொன்றாக விடுவிக்க வேண்டியிருந்தது.

"அப்ப ஜன்னலக் கழட்டி வீசுறதா?" என்றான் ஜமால்தீன்.

"அதைத்தான் சொல்ல வந்தனான். சில வீடுகளுக்கு நாங்களே ஆள் அனுப்பி, பொலித்தீனால மூடிக்கட்டி, பழைய ஜன்னலை எடுத்துட்டுப் புதுசு போடுறம். மற்ற வீடுகளில ஈரத்துணியால துடைக்கிறது, வெடிச்ச இடத்தை நனைச்சு, மேலால புதுப் பெயின்ற் அடிச்சு மூடுறது. எந்த வீட்டுக்கு எது எண்டு சீட்டுக் குலுக்கித்தான் எடுத்தது."

"எங்கட ஊட்டுக்கு?"

பிரியாந்தினி வாளிகளைப் பார்த்தாள். அவன் சிரித்தான்.

"ஏழு ஜன்னலும் நஞ்சாம். மருந்து வாளியாம்."

"நானா, எது கூடப் பலன் தரும் எண்டு எங்களுக்கே இன்னும் தெரியாது. அதை அறியத்தான் ஆய்வு. ஒழுங்காத் துடைச்சாலே குறையுது எண்டு வேற இடங்களில கண்டிருக்கினம்."

"வேற எடத்துல. என்ட புள்ள இந்த எடத்துல ஈக்கு."

"ஒண்டு மட்டும் செய்யாதேங்கோ. காய்ஞ்ச பெயின்றைச் சுரண்டக் கூடாது. சேண்ட் பேப்பர் போடவே கூடாது. ஒரு வாளியில சவர்க்காரத் தண்ணி, மற்றதில நல்ல தண்ணி. துணியை நனைச்சு, ஒரு பக்கமாத் துடைச்சு, கழுவித் துடையுங்கோ. தும்புத்தடியால கூட்ட வேண்டாம். விளங்குதா?"

"வெளங்குது மிஸ்" என்றாள் றம்லத்.

ஜமால்தீன் வாளியை எடுத்துத் தட்டிப் பார்த்தான். "மூடி மறைக்கிற வேல" என்று தனக்குள் சொன்னான். பெயின்ற்காரர்களுக்குள் அது ஒரு வசவு.

மறுநாள் பிலிமத்தலாவையில் ஒரு பழைய வீட்டில் வேலை. கொழும்பு வீதியின் இரைச்சல் உள்ளே கேட்கும் வீடு. கறுப்பையா ஏணியில் நின்று கதவு நிலையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்து பதினெட்டு வருஷமாக ஜமால்தீனோடு வேலை செய்கிறவர். அவனைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் "பாஸ்" என்றுதான் கூப்பிடுவார். அவர் தலைமுடி, புருவம், காதுமடல் எல்லாம் பச்சைத் தூசி.

ஜமால்தீன் நடந்ததைச் சொன்னான்.

"என்னாங்க பாஸ், தூசியா?" என்றார் கறுப்பையா. "தூசி தின்னா சாவுறதுன்னா நம்ம ரெண்டு பேருக்கும் எத்தன தடவ கருமாதி நடந்திருக்கணும்?"

"புள்ளட ரத்தத்துல ஈக்காம். மெஷின்ல காட்டின."

"அந்தம்மா படிச்சவங்க. இல்லேன்னு சொல்லல. ஆனா பெயின்ட அவங்க அடிக்கிறாங்களா, நாம அடிக்கிறோமா? வெடிச்சதுக்கு மேல அடிச்சா எத்தன நாளைக்கு நிக்கும்?"

"ஆறு மாசம்."

"ஆறு மாசங்கூட நிக்காது. அதுவும் ஆத்தோரம். மறுபடி புட்டுக்கிட்டு விழும். புள்ள மறுபடி திங்கும். வெஷத்த எடுக்கணும்னா அடியோட எடுக்கணும். நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

தேநீர் வந்தது. கறுப்பையா ஏணியிலிருந்து இறங்கிக் கோப்பையை வாங்கினார். கோப்பை கையிலிருந்து நழுவி விழுந்து உடைந்தது. மணிக்கட்டு முறிந்ததுபோல் தொங்கியது. அதை இடது கையால் பிடித்து நிமிர்த்திக்கொண்டார்.

"இது எப்பயிருந்து?" என்றான் ஜமால்தீன்.

"போன வருஷத்துலருந்து இப்பிடித்தான். வாதம். பிரஷ் பிடிச்சா சரியாப் போயிரும். கப்புதான் பிடிக்க ஏலல." அவர் சிரித்தார். "வீட்டுக்காரி என்னிய சின்னப் புள்ளையாட்டம் ரெண்டு கையால குடிக்கச் சொல்றா."

ஜமால்தீனும் சிரித்தான். அப்போது அவனுக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது.

அந்த வாரம் பிரியாந்தினி சொன்னபடியே றம்லத் செய்தாள். காலையில் ஒருமுறை, அஸர் தொழுகைக்குப் பிறகு ஒருமுறை, ஏழு கட்டையையும் துடைத்தாள். கைரியா கட்டையில் ஏறாதபடி முன்னறை ஜன்னலின் கீழே அலுமாரியை நகர்த்தி வைத்தாள். பிள்ளை அலுமாரியின் கதவில் நெற்றியை முட்டி முட்டி அழுதது. ஜமால்தீன் வேலை விட்டு வரும்போது மட்டும் அழுகை நிற்கும். சந்தில் அவன் செருப்புச் சத்தம் கேட்டதும் ஓடிவந்து அவன் சாரத்தைப் பிடித்து முகத்தைப் புதைப்பாள். பேச்சு போன பிறகும் அது போகவில்லை. அவன் அப்படியே தூக்கித் தோளில் போட்டுக்கொள்வான். அவனுடைய நாளில் நல்ல பகுதி அதுதான்.

நோன்புக்கு இரண்டு வாரம் இருந்தபோது அக்குறணையில் றம்லத்தின் தாத்தாவுக்குப் பிள்ளை பிறந்தது. அவளுடைய மூத்த சகோதரி அவள்.

"நீங்க புள்ளையும் கூட்டிப் பொய்த்து நாலு நாள் நில்லுங்க" என்றான் ஜமால்தீன்.

"ஜன்னல் யாரு தொடைக்கிற?"

"நான் ஈக்கிறேன்."

அவள் அவனைப் பார்த்தாள். "சொரண்டிற வேல ஒண்டும் வெச்சிக்காதீங்க. மிஸ் சொன்ன."

"பொய்த்து வாங்க புள்ள" என்றான்.

அவர்களை அக்குறணை பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்ததும் கறுப்பையா சந்து முனையில் காத்திருந்தார். இரண்டு பேரும் சட்டையைக் கழற்றி, வாயில் துணியைக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். அலுமாரி, கட்டில், மெத்தை எல்லாவற்றின் மேலும் பழைய படுக்கை விரிப்புகளைப் போர்த்தினார்கள்.

ஜமால்தீன் வேறொருவருடைய வீட்டில் இவ்வளவு கவனமாகச் சுரண்டியதில்லை. முன்னறைக் கட்டையில் தகட்டை வைத்து இழுத்தபோது முதலில் வந்தது அவன் போன வருஷம் அடித்த வெள்ளை. அதன் கீழ் முந்திய வருஷங்களில் அவனே அடித்த கிறீம், எல்லாம் ஒட்டி ஒரே தோலாக. பிறகு அவனுக்கு முந்திய கைகள். மாமனார் அடித்த பச்சை. அதற்குக் கீழே ஆகாய நீலம். மறுபடி பச்சை, முந்தியதைவிடக் கறுத்தது. அதற்குப் பிறகு மஞ்சள். அது தகட்டுக்கு அசையவில்லை, கல்லாக இருந்தது. ஒரே நிறமாக ஒட்டிக்கிடந்தவற்றை ஒன்றாக வைத்து எண்ணிக்கொண்டே போனான். பன்னிரண்டு. பன்னிரண்டாவது சிவப்பு. அதைத் தாண்டினால் தேக்கு, அறுத்த அன்றைய நிறத்தில்.

"இந்தா ஈக்கிது பாருங்க" என்றான். "இதுதான் மரம்."

"எண்பது வருஷத்து அழுக்கு" என்றார் கறுப்பையா. "அந்த மஞ்சக் கலருதான் பாஸ் பொல்லாதது."

"தண்ணி போடாமச் சுரண்ட வேணாமெண்டு சொன்ன மிஸ்."

"தண்ணி போட்டா மரம் ஊதிரும். பேப்பர் ஓடுமா?"

"ஓடாது."

தண்ணீர் போடவில்லை. மூன்று நாள் சேண்ட் பேப்பர் ஓடியது. ஜன்னல் வழியே வந்த வெயிலில் தூசி புகையாக நின்று மெதுவாக இறங்கியது. நான்காம் நாள் பிரைமர், புட்டி, பிறகு கடையில் கேட்டு வாங்கிய ஈயமில்லாத புது எனாமல், இரண்டு கை. விரிப்புகளை முற்றத்தில் உதறினார்கள். தும்புத்தடியால் இரண்டு அறையையும் மூலை மூலையாகக் கூட்டினார்கள். மூன்று உரப்பை நிறையச் சுரண்டல் சேர்ந்தது. அதைப் பின்பக்கம் கொட்டி ஜமால்தீன் நெருப்பு வைத்தான். ஒரு துண்டுகூட வீட்டைச் சுற்றி இருக்கக் கூடாது என்பது அவன் எண்ணம். புகை ஆற்றுப் பக்கம் போகாமல் வீட்டுப் பக்கம் திரும்பியது.

றம்லத் வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள். ஏழு ஜன்னலும் பால் வெள்ளையில் மின்னின.

"சொரண்டினீங்களா?"

"அடியோட. தடவிப் பாருங்க. ஒரு துண்டு பழைய பெயின்ற் ஈக்கிதா பாருங்க. இனிப் புள்ள கடிச்சாலும் பயமில்ல."

அவள் தடவிப் பார்த்தாள். கண்ணாடிபோல் இருந்தது. மிஸ் சொன்னது நினைவில் இருந்தாலும், ஒன்பது வருஷத்தில் முதல்தடவை தன் வீடு புது வீடு மாதிரித் தெரிந்ததில் அவள் மனம் இளகியது. அலுமாரியைப் பழைய இடத்துக்கு நகர்த்தினான் ஜமால்தீன். கைரியாவைத் தூக்கிக் கட்டையில் உட்கார வைத்தான். அவள் பாலத்தைப் பார்த்தாள். சிவப்பு பஸ் ஒன்று போனது. அவன் காத்திருந்தான். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

"சொல்லுவாள்" என்றான். "கொஞ்சம் சுணங்கும்."

நோன்பு பிறந்தது. விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழும்பும்போது பிள்ளையும் எழும்பி வாந்தி எடுத்தாள். பத்தாம் நோன்பளவில் நடக்கும்போது கால் பின்னியது. எரிச்சல் வந்தால் தன் கையையே கடித்தாள். இரண்டாவது இரத்தம் எடுத்து ஐந்தாம் நாள் பிரியாந்தினி தொலைபேசியில் சொல்லாமல் நேரே வந்தாள். வீட்டுக்குள் கால் வைத்தவள் ஜன்னல்களைப் பார்த்தாள். ஏழையும் பார்த்தாள். நெற்றி சுருங்கியது.

"நானா, இது ஆர் செய்தது?"

"நான்தான் மிஸ். எப்பிடி?" அவன் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. "உங்கட ஆக்கள் மாத்துற ஜன்னலுக்கு இது எந்த விதத்திலயும் கொறையாது."

"சுரண்டினீங்களா?"

"மரம் மட்டும் வர."

"நனைச்சோ?"

"நனைச்சா மரம் ஊதிரும் மிஸ். இருவத்தாறு வருஷமா நான் இந்த வேல செய்ற."

பிரியாந்தினி கதிரையில் உட்காரவில்லை. பையிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்து, குழாயில் நனைத்துப் பிழிந்து வந்தாள். கட்டிலின் மேல் ஏறி அலுமாரியின் உச்சியை ஒரு இழுப்பு துடைத்தாள். இறங்கித் துணியை விரித்துக் காட்டினாள். சாம்பல் நிறம், நடுவில் மஞ்சளும் பச்சையும் கலந்த ஒரு கோடு. மெத்தையின் தையலில் விரலை ஓட்டித் துணியில் தேய்த்தாள். அதே நிறம். சுவரில் தொங்கிய யாஸீன் எழுதிய கண்ணாடிச் சட்டத்தின் மேல்விளிம்பு. அதே நிறம்.

"ஜன்னல்ல இருந்ததை நீங்கள் வீடு முழுக்கப் பரப்பிப்போட்டியள், நானா."

றம்லத் பிள்ளையை இறுக்கிக்கொண்டாள்.

"எவ்வளவு மிஸ்?" என்றாள்.

"ஐம்பத்தொண்டு. இண்டைக்கே ஆஸ்பத்திரியில நிப்பாட்ட வேணும். நான் கதைச்சுப்போட்டுத்தான் வந்தனான். வாகனம் மேல நிக்குது."

"ஐம்பத்தொண்டு" என்றான் ஜமால்தீன். அந்த எண் தனக்குச் சொல்லப்பட்டதாகவே அவனுக்குத் தெரியவில்லை. "நான் அடியோட எடுத்தேனே மிஸ். ஒரு துண்டு மிச்சம் வெக்கல்ல. பத்த வெச்சுக்கூட..."

"எரிச்சனீங்களா?"

அவன் கையால் பின்பக்கத்தைக் காட்டினான். பிரியாந்தினி கண்ணை மூடித் திறந்தாள். கோபம் அல்ல. அவள் முகத்தில் இருந்தது தன் பிழையைத் தேடும் ஒருத்தியின் கலக்கம்.

"நான் ஏன் எண்டு சொல்லாமல் செய்யாதேங்கோ எண்டு மட்டும் சொல்லிப்போட்டுப் போட்டன்" என்றாள். "ஒரு பெயின்ற்காரரிட்டை அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது."

றம்லத் பையில் பிள்ளையின் உடுப்பை எடுத்து வைக்கப் போனாள். பிரியாந்தினி தடுத்தாள். "இந்த வீட்டு உடுப்பு வேண்டாம் அக்கா. வழியில வாங்குவம்."

ஜமால்தீன் கூடப் போகச் செருப்பை மாட்டினான். பிலிமத்தலாவை வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தான். பிரியாந்தினி அவன் சாரத்தையும், தலைமுடியையும், கைகளையும் பார்த்தாள்.

"நானா, வேலையால வந்து பிள்ளையை உப்பிடியே தூக்குறனீங்களோ?"

அவன் தலையசைத்தான்.

"ஒவ்வொரு நாளும்?"

"ஓடி வருவாள் மிஸ்" என்றான்.

ஒன்பது நாள் பிள்ளை விடுதியில் இருந்தாள். மருந்து ஈயத்தைப் பிடித்து மூத்திரத்தில் இறக்கும் என்றார்கள். ஏற்கெனவே மூளையில் ஆனதை அது திருப்பிக் கொண்டுவருமா என்று றம்லத் கேட்டாள். டாக்டர் பொறுமையான ஆள். இனிமேல் ஆகாமல் தடுக்கலாம் என்று மட்டும் சொன்னார். அவள் அதைப் புரிந்துகொண்டாள்.

ஜமால்தீனின் இரத்தமும் எடுத்தார்கள். நாற்பத்துநான்கு. கறுப்பையாவுடையது அதைவிட மிகக் கூட. பழைய வீட்டு வேலைக்கு இனிப் போக வேண்டாம் என்றார்கள். கறுப்பையா தொங்கும் கையை மடியில் வைத்துக்கொண்டு, "அப்ப வேற என்னா வேலைக்கிப் போறதுங்க?" என்று கேட்டார்.

ஒருநாள் பார்வையாளர் நேரத்தில், ஆஸ்பத்திரி வராந்தாவில் றம்லத் அவனிடம் பேசினாள்.

"நான் சொன்ன. சொரண்டாதீங்க எண்டு."

"ஓ."

"கோவமா ஈந்தா ஏசியிருப்பேன். ஏச வருதில்ல. நீங்க குடிச்சிட்டு வந்து புள்ளைக்கு அடிச்சீந்தா ஏசலாம். கள்ள வேல செஞ்சீந்தா ஏசலாம். புள்ளைக்காக இராப் பகலா நிண்டு செஞ்சவர எப்பிடி ஏசுற?" அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "ஆனா எனக்கு உங்கட கையப் பாக்க ஏலாம ஈக்கு. சோறு பெசைஞ்சு அவளுக்கு ஊட்டின கை. அதப் பாத்தா உள்ளுக்குள்ள என்னமோ செய்யிது."

அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"ஊடு சரியாகிற வர நாங்க அக்குறணையில. நீங்க அங்க வர வேணாம். மிஸ்ஸும் அதத்தான் சொன்ன."

"எவ்வளவு நாளைக்கு?"

"நீங்கதான் சொல்லணும். உங்கட தொழில்."

அதன் பிறகு அவன் அந்த வீட்டில் தனியாக இருந்தான். ஆய்வு விதிப்படி அந்த வீடு கணக்கிலிருந்து விலக்கப்பட்டுவிட்டது என்று பிரியாந்தினி சொன்னாள். ஆனாலும் அவள் மெத்தையைப் பொலித்தீனில் சுற்றி எடுத்துப்போக ஆள் அனுப்பினாள். இன்னும் மூன்று கட்டுத் துணி கொடுத்தாள். முதல் நாள் தானே முழங்காலில் இருந்து காட்டிக் கொடுத்தாள். "மேலேயிருந்து கீழ. ஒரு இழுப்பு, பிறகு மடிக்கிறது. அந்தப் பக்கம் திருப்பித் தொடக்கூடாது. ஊத்தைத் தண்ணியை முத்தத்தில ஊத்தாதேங்கோ."

அவன் நோன்போடு அதைச் செய்தான். கூரைச் சலாகை, சுவர், கதவின் மேல்விளிம்பு, மின்கம்பி ஓடும் பலகை, அலுமாரியின் முதுகு, தரையின் ஒவ்வொரு வெடிப்பும். இரண்டு வாளி. ஒரு காலத்தில் அவன் தட்டிப் பார்த்துச் சிரித்த அதே வாளிகள். சவர்க்காரத் தண்ணீர் ஒரு சுவருக்குள் சாம்பலாகிவிடும். வாயில் துணி கட்டியிருந்ததால் மூச்சு முட்டும். வறண்ட உதட்டை நக்கக்கூட அவனுக்குப் பயம். எச்சில் விழுங்கவும் பயம். எல்லாம் முடித்து, மறுநாள் காலை புதுத் துணியால் ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பான். துணி சாம்பலாகும். மறுபடி மேலேயிருந்து தொடங்குவான்.

கறுப்பையா ஒருநாள் நோன்பு திறக்கப் பழம் வாங்கிக்கொண்டு வந்தார். வாசலுக்கு வெளியிலேயே நின்றார்.

"நானும் தொடைக்கிறேனுங்க பாஸ்."

"ஓங்களுக்குக் கை ஏலாதே."

"எடது கை இருக்கே."

"வேணாம் கறுப்பையா. இது நான் தொடைக்க வேண்டியது."

"நான்தானே தண்ணி போட வேணான்னேன்."

"நீங்க சொல்லாட்டியும் நான் போட்டிருக்க மாட்டேன்" என்றான் ஜமால்தீன். அது உண்மை என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. கறுப்பையா பழப் பையைப் படியில் வைத்துவிட்டுப் போனார்.

பெருநாளுக்கு மூன்று நாள் இருந்தபோது, அஸருக்குப் பிறகு, சந்தில் ஒரு முச்சக்கரவண்டி வந்து நின்றது. றம்லத் இறங்கினாள். அவள் பெருநாள் சாமான் வாங்கக் கட்டுகஸ்தோட்டைக் கடைக்கு வந்தவள், திரும்பும் வழியில் தன்னையறியாமல் வண்டியைக் கீழே விடச் சொல்லிவிட்டாள். கைரியா அவள் இடுப்பில் இருந்தாள். புது கவுன். தலைமுடி வெட்டப்பட்டிருந்தது. மெலிந்திருந்தாள்.

ஜமால்தீன் வாளியோடு வாசலுக்கு வந்தான். முழங்கால்வரை நனைந்த சாரம். மார்பெல்லாம் சாம்பல் கோடுகள்.

பிள்ளை அவனைக் கண்டாள். இடுப்பிலிருந்து வழுகி இறங்கினாள். றம்லத் பிடிக்குமுன் ஓடத் தொடங்கினாள். கால் இன்னும் சரியாகவில்லை. ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து ஓடினாள். கைகள் இரண்டும் முன்னால் நீண்டிருந்தன.

"வராத!" என்று கத்தினான் ஜமால்தீன்.

அந்தக் குரலை அவள் அவனிடம் கேட்டதில்லை. நின்றாள். அவனுக்கும் அவளுக்கும் நடுவே ஆறடி இருந்தது. அவன் பின்னால் நகர்ந்து சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டான். அவள் கைகளைக் கீழே போடவில்லை. அப்படியே நீட்டியபடி அவனையும் திரும்பித் தாயையும் பார்த்தாள்.

"கழுவிட்டு வாரேன்" என்றான். "றம்லத், புடிச்சிக்கோங்க. அஞ்சு நிமிஷம். கழுவிட்டுத் தூக்கிறேன்."

றம்லத் பிள்ளையை எடுத்துக்கொண்டு வண்டியின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவன் வெளிக் குழாயைத் திறந்தான். தண்ணீர் நூலாக வந்தது. சவர்க்காரத்தைக் கையில், முழங்கையில், கழுத்தில் தேய்த்தான். கழுவினான். மறுபடி தேய்த்தான். நகத்தடியில் ஈர்க்கை விட்டுச் சுரண்டினான். நகத்தைச் சுற்றிய தோலில், ரேகைகளில், இருபத்தாறு வருஷத்துப் பெயின்ற் இருந்தது. தலையைக் குழாயின் கீழ் பிடித்தான். காதுமடலைத் தேய்த்தான். மறுபடி கைக்கு வந்தான்.

"போதும்" என்றாள் றம்லத். அவள் குரல் இளகியிருந்தது. "போதும், வாங்க. சும்மா ஒருக்கா தொட்டுட்டு விடுங்க."

"இன்னும் ஈக்கு."

"எனக்குத் தெரியிதில்ல."

"தெரியாது. அது கண்ணுக்குத் தெரியாது" என்றான். சவர்க்காரம் கையில் தேய்ந்து தாள்போல் ஆகியிருந்தது. "மிஸ் சொன்னது ஒங்களுக்கு ஞாபகமில்லையா?"

வண்டிக்காரன் இரண்டுதரம் ஹோர்ன் அடித்தான். நோன்பு திறக்க நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவனும் வீடு போக வேண்டும். பாலத்தில் வரிசையாக பஸ்கள் நின்றன. கைரியா தாயின் தோளில் முகத்தைச் சாய்த்து, குழாயடியில் குனிந்திருந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கண்கள் மெதுவாகச் சொருகின. நீட்டியிருந்த கை தளர்ந்து றம்லத்தின் முதுகில் விழுந்தது.

"தூங்கிட்டாள்" என்றாள் றம்லத்.

இன்னும் ஒருதரம் தேய்த்துக் கழுவிய பிறகுதான் ஜமால்தீன் குழாயை மூடித் திரும்பினான். வண்டி சந்தின் ஏற்றத்தில் முக்கி முக்கி ஏறிக்கொண்டிருந்தது. வழியனுப்பக் கையைத் தலைக்கு மேல் உயர்த்தப் போனவன் உயர்த்தவில்லை. விரல் நுனிகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. துடைக்க ஒரு துணி தேடினான். கயிற்றில் இருபது முப்பது துணி காய்ந்துகொண்டிருந்தன. அவற்றில் வெள்ளையாக ஒன்றும் இருக்கவில்லை.